அணியைச் சொன்னால் மட்டும் போதாது

‘இச்செய்யுளில் பயின்று வந்துள்ள அணியைச் சுட்டி விளக்குக.’ இந்தக் கேள்வியைத் தாண்டாமல் தமிழ்நாட்டில் தமிழைப் பாடமாகப் படித்த யாரும் பள்ளியை முடித்திருக்க முடியாது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கில மாணவர்களும் நெடுங்காலம் ஏறக்குறைய இதைத்தான் செய்தார்கள். ஒரே வேறுபாடு, அங்கே கையில் இருந்தது செய்யுள் அல்ல, செய்தித்தாள்.

அங்கே பள்ளி முடிவில் எழுதும் வி.சி.இ. (விக்டோரியக் கல்விச் சான்றிதழ்) ஆங்கிலத் தேர்வின் மூன்றாம் பகுதியில் ஒரு கட்டுரையோ மேடைப் பேச்சோ தருவார்கள். படிப்பவரைத் தன் பக்கம் இழுக்க அது என்னென்ன செய்கிறது என்று மாணவர் எழுத வேண்டும். எழுதியவர் சொல்வது சரியா தவறா என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை.

முன்பெல்லாம் ‘தி ஏஜ்’, ‘ஹெரால்ட் சன்’ நாளிதழ்களின் தலையங்கங்களை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பார்கள். மாணவர் ஹைலைட்டரும் கையுமாக உட்கார்ந்து, ஓரத்தில் பெயர் எழுதிக்கொண்டே போவார்: பதிலை எதிர்பாராத கேள்வி, ‘நாம்’ என்று சேர்த்துப் பேசுதல், புள்ளிவிவரம், நிபுணர் கூற்று. ஒவ்வொன்றுக்கும் ஆசிரியரின் சிவப்பு மை ஒரு டிக் போடும். கடைசியில், ‘இன்னும் சில உத்திகளைச் சேர்.’ ‘புள்ளிவிவரம் கட்டுரைக்கு நம்பகத்தன்மை தருகிறது’ என்ற வாக்கியத்தை மனப்பாடம் செய்தவர் அதை எந்தக் கட்டுரைக்கும் மாட்டிவிடலாம். தேர்வாளர்களின் அறிக்கைகள் இந்தப் பட்டியல் போடும் வழக்கத்தைத் திரும்பத் திரும்பக் குறை சொல்லியும் அது எளிதில் போகவில்லை. டிக் போடச் சுலபமாக இருந்ததும் ஒரு காரணம் என்பது என் சந்தேகம்.

2017இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டம் வாதத்தை முன்னுக்குக் கொண்டுவந்தது. ஆசிரியரின் குறிப்பும் மாறியது. கார் நிறுத்துமிடத்தை எடுத்துவிட்டுப் பூங்கா அமைக்கச் சொல்லும் ஒரு கட்டுரை என்று வைத்துக்கொள்வோம். அதில் ‘நம் பிள்ளைகள்’ என்று வருகிறது. ‘இது வாசகரை உள்ளிழுக்கும் சொல்’ என்று மாணவர் எழுதினால் அன்று டிக் விழுந்திருக்கும். இன்று கூகுள் டாக்ஸின் ஓரத்தில் கேள்விகள் வந்து நிற்கின்றன: ‘எந்த வாசகரை? பக்கத்துத் தெருக் கடைக்காரருக்கும் அப்படித்தான் இருக்குமா? செலவுக் கணக்கைச் சொல்வதற்கு முன்பே பிள்ளைகளை ஏன் கொண்டுவருகிறார்?’ கடைசிக் கேள்விதான் அருமையானது. பணத்தைப் பற்றி முணுமுணுப்பவர் பிள்ளைகளுக்கு எதிரானவராகத் தெரியும்படி வாதம் அடுக்கப்பட்டிருப்பதை மாணவர் அங்கேதான் பிடிக்கிறார். உத்திக்குப் பெயர் சூட்டுவது மட்டும் என்றால், அதை இப்போது சாட்ஜிபிடியே செய்துவிடும்.

இத்தனை பாடுபட்டு எழுதிய குறிப்பை மாணவர் படிக்கிறாரா என்பது வேறு கதை. மதிப்பெண்ணும் கருத்தும் சேர்ந்து வந்தால் கருத்தின் பயன் பெரும்பாலும் கரைந்துவிடுகிறது என்று கல்வி உளவியல் ஆய்வாளர் ரூத் பட்லர் 1988இலேயே ஓர் ஆய்வில் காட்டினார். அதனால் கருத்தை முதலில் கொடுத்து, திருத்தி எழுதச் சொல்லி, அதன் பிறகே மதிப்பெண்ணைக் காட்டும் ஆசிரியர்கள் உண்டு. பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். பெற்றோர் போன் செய்வார்கள்.

இறுதித் தேர்வு மட்டும் பழைய வழியிலேயே நடக்கிறது. மாணவர் எழுதிய கட்டுரையை இரண்டு தேர்வாளர்கள் தனித்தனியே படித்துப் பத்துக்கு இவ்வளவு என்று இடுகிறார்கள். ஓரத்தில் யாரும் எதுவும் எழுதித் தருவதில்லை.