கண்ணாடிக்கு அப்பால் மீன்கள்: குளம் வைத்திருப்போர் கவனத்திற்கு

உதகை, குன்னூர்ப் பகுதிகளில் சிலர் வீட்டு முற்றத்தில் பாலித்தீன் விரிப்பிட்ட சிறு மீன்குளம் அமைத்து, அதன் சுவரில் கண்ணாடிச் சன்னல் பொருத்த விரும்புகின்றனர். இவ்வாவல் நமக்குப் புதிதன்று. 1909ஆம் ஆண்டிலேயே சென்னை மெரினாக் கடற்கரையில் மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. நோயாளிகளுக்குச் சன்னலால் ஒரு நன்மையும் உண்டு: நீரில் கை நனைக்காமலேயே மீன்களைக் கண்டு மகிழலாம்.

கையை ஏன் நனைக்கக் கூடாது?

மைக்கோபாக்டீரியம் மரைனம் என்னும் நுண்ணுயிர் காசநோய்க் கிருமியின் இனத்தைச் சார்ந்தது. 1926இல் பிலடெல்பியா மீன் காட்சியகத்து மீன்களில் இது கண்டறியப்பட்டது. தோலிலுள்ள சிறு கீறலே இதற்கு வாயில். சுமார் 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் நன்கு வளர்வதால், உடலின் குளிர்ந்த பகுதிகளான விரல்களையும் கைகளையுமே பெரும்பாலும் தாக்குகிறது. சில வாரங்களுக்குப் பின் சிவந்த கட்டியோ ஆறாத புண்ணோ தோன்றும். இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை. எனினும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தோரிடம் ஆழமாகப் பரவக்கூடும். சிகிச்சையும் மாதக்கணக்கில் நீளும்.

சன்னல் கசியாதிருக்க

கசியும் சன்னல், கையை மீண்டும் மீண்டும் நீருக்குள் இழுக்கும். ஒரு மீட்டர் அகலமும் 60 சென்டிமீட்டர் உயரமும் உடைய சன்னலின் மேல் விளிம்பு வரை நீர் நின்றால், அதன்மேல் ஏறக்குறைய 180 கிலோ எடைக்கு இணையான விசை அழுத்தும். ஆகவே தகுந்த தடிமனுள்ள அடுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியைத் தேர்ந்த பணியாளரைக் கொண்டு பொருத்துங்கள். சிலிக்கோன் பசை பாலித்தீனில் உறுதியாக ஒட்டாது. விரிப்பின் இருபுறமும் இரப்பர் வார் வைத்து, துருப்பிடிக்காத எஃகுச் சட்டத்தால் இறுக்கிய பின்னரே நடுப்பகுதியை வெட்ட வேண்டும். கண்ணாடியை நீர்ப்புறத்திலிருந்து பதித்தால், நீரழுத்தமே அதனைச் சட்டத்தோடு சேர்த்துப் பிடிக்கும். நம் மலைக்குளிரில் பசை உலரத் தாமதமாகும்; பொறுத்திருந்து, நீரைச் சிறிது சிறிதாக நிரப்புங்கள். பசையின் நெடி அடங்கும்வரை ஆஸ்துமா நோயாளிகள் விலகியிருத்தல் நலம்.

நினைவிற்கொள்க

• நீரிழிவு நோயாளிகள், ஸ்டீராய்டு மருந்து உட்கொள்வோர், உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றோர் ஆகியோர் குளத்தைத் துப்புரவு செய்யும் பணியைப் பிறரிடம் விடுங்கள்.
• துப்புரவு செய்பவர் நீர்புகாக் கையுறை அணிந்து, பின்னர் சோப்பிட்டுக் கை கழுவ வேண்டும்.
• கையில் ஆறாத புண் இருப்பின், வீட்டில் மீன்குளம் இருப்பதை மருத்துவரிடம் நீங்களே கூறுங்கள். அந்த ஒரு செய்தி, நோயை விரைந்து கண்டறியப் பெரிதும் துணைபுரியும்.