சிக்கிய குடலுக்குச் சிறு துளை சிகிச்சை

மயிலாப்பூர் மாடவீதிக்குப் பின்னால் ஒரு வீடு. எழுபது வயதுப் பாட்டி காலையிலிருந்து வாந்தி எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முந்தின இரவு சாப்பிட்ட அடை ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார் மகன். மருமகள் ஓமத் தண்ணீர் கொடுக்கிறார். தெருமுனை மருந்துக்கடையிலிருந்து கேஸ் மாத்திரை வருகிறது. சாயங்காலம் வயிறு உப்பிவிடுகிறது. மருத்துவமனையில் டியூட்டி டாக்டர் புடவைக் கட்டைத் தளர்த்திப் பார்த்த பிறகுதான் தொடைச்சந்தில் நெல்லிக்காய் அளவு கட்டி தெரிகிறது. தொட்டாலே துடிக்கிறார்.

“இது எத்தனை நாளா இருக்கு பாட்டி?”

“ரெண்டு வருஷமா இருக்குப்பா. வலிக்கலை, அதான் யார்கிட்டயும் சொல்லலை.”

இதுதான் குடலிறக்கம், எல்லோரும் சொல்கிற ‘ஹெர்னியா’. வயிற்றுச் சுவரில் பலவீனமான இடத்தின் வழியே, டயர் கிழிசலில் டியூப் பிதுங்குவதுபோல், உள்ளிருப்பது வெளியே தள்ளும். ஆண்களில் 100க்கு 27 பேருக்கும் பெண்களில் 3 பேருக்கும் வாழ்நாளில் என்றாவது தொடைச்சந்துப் பகுதியில் இது வரக்கூடும். பெரும்பாலானவை படுத்தால் உள்ளே போய்விடும். போகாமல் சிக்கிக்கொண்டால்தான் ஆபத்து.

சிக்கினால் என்ன ஆகும்?

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தி.நகர் ரங்கநாதன் தெருவை நினைத்துப் பாருங்கள். வெளியேறும் முனை அடைபட்டிருக்கும். மாம்பலம் ஸ்டேஷன் பக்கமிருந்து கூட்டம் வந்துகொண்டே இருக்கும். சிக்கிய குடலிலும் இதுதான் கதை. ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் சிரை மெல்லியது என்பதால் முதலில் அது நசுங்குகிறது. தமனி வழியே ரத்தம் வருவது நிற்பதில்லை. குடல் வீங்குகிறது, வீங்க வீங்க, அது பிதுங்கி வந்த துவாரத்தின் வளையம் இன்னும் இறுகுகிறது. கடைசியில் தமனியும் அடைபட்டு, குடல் அழுகத் தொடங்குகிறது. ஆறு மணி நேரத்தைத் தாண்டினால் குடலின் ஒரு பகுதியை வெட்டி எடுக்க வேண்டிய வாய்ப்பு கூடிக்கொண்டே போகும்.

பாட்டிக்கு வந்தது தொடைக் குடலிறக்கம். பெண்களுக்கு அதிகம் வருவது; வளையம் குறுகலாகவும் விறைப்பாகவும் இருப்பதால் எளிதில் இறுக்கிவிடும். ஸ்வீடன் நாட்டுப் பதிவேட்டை வைத்து 2009இல் வெளியான ஆய்வில், தொடைக் குடலிறக்க அறுவைகளில் சுமார் 36 சதவீதம் அவசரமாகச் செய்யப்பட்டவை. தொடைச்சந்தில் வரும் இன்னொரு வகையான கவட்டைக் குடலிறக்கத்தில் இது 5 சதவீதம்தான்.

துளை வழியே அறுவையை எப்படிச் செய்கிறார்கள்?

இந்தியாவில் லேப்ராஸ்கோப்பி எனும் துளைவழி முறை மூலம் பித்தப்பையை அகற்றும் அறுவையை 1990இல் மும்பையில் டாக்டர் தெஹெம்டன் உத்வாடியா தொடங்கிவைத்தார். குடலிறக்கத்துக்கும் அதே வழிதான். முழு மயக்கம் கொடுத்து, தொப்புள் அருகே சுமார் 10 மில்லிமீட்டர் துளை போட்டு, கார்பன் டை ஆக்சைடு செலுத்தி வயிற்றைக் கூடாரம்போல் உயர்த்துகிறார்கள். கேமரா அதன் வழியே போகிறது. கருவிகளுக்கு இன்னும் இரண்டு சிறு துளைகள். வயிற்றறைக்குள் நுழைந்து செய்வது ‘டாப்’. நுழையாமல் வயிற்றுச் சுவரின் அடுக்குகளுக்கு நடுவிலேயே செய்வது ‘டெப்’. அவசரத்தில் பெரும்பாலும் முதலாவதுதான், ஏனென்றால் குடலைக் கண்ணால் பார்த்தாக வேண்டும்.

உள்ளே இழுத்து விடுவிக்கப்பட்ட குடல் திரையில் நாவல்பழ நிறத்தில் தெரியும். உயிரோடு இருக்கிறதா, செத்துவிட்டதா? அப்போதே சொல்ல முடியாது. அதனால் அதைக் கேமராவின் பார்வையிலேயே விட்டுவிட்டு, வளையத்தைச் சரிசெய்யும் வேலையைத் தொடர்வார்கள். பலவீனமான இடத்தை மூடும் வலையைப் பொருத்துவதற்குள் குடலுக்குப் பத்து இருபது நிமிட அவகாசம் கிடைத்துவிடும். நீலம் வெளிறி இளஞ்சிவப்பு திரும்பி, புழுபோல ஓர் அசைவு ஓடினால் குடல் பிழைத்தது.

திறந்து செய்யும் அறுவையில் வேறொரு சிக்கல் உண்டு. மயக்க மருந்தில் தசை தளர்ந்ததும், சிக்கிய குடல் யாரும் பார்ப்பதற்குள் வழுக்கி உள்ளே போய்விடலாம். பிறகு அதைத் தேட வயிற்றைத் திறக்க வேண்டியிருக்கும். இந்த இடத்தில்தான் கேமராவுக்கு நிஜமான மதிப்பு. தழும்பு சிறிது, வலி குறைவு, சீக்கிரம் வீடு திரும்பலாம் என்பதெல்லாம் அதற்கு அடுத்துதான்.

எல்லோருக்கும் பொருந்துமா?

பொருந்தாது. குடல் அடைபட்டு வயிறு பானைபோல் உப்பியிருந்தால் கருவி புழங்க இடமிருக்காது. உப்பிய குடலில் கருவி பட்டால் ஓட்டை விழும். இதயமும் நுரையீரலும் பலவீனமானவர்களுக்கு முழு மயக்கம் ஆகாது. திறந்து செய்யும் அறுவையை முதுகில் ஊசி போட்டோ, அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்தோ முடிக்கலாம். உலக அவசர அறுவை சிகிச்சைச் சங்கம் 2017இல் தந்த வழிகாட்டுதலும், குடல் அழுகியிருக்கும் சந்தேகம் இல்லாதபோது லேப்ராஸ்கோப்பியைப் பரிசீலிக்கலாம் என்றே சொல்கிறது. குடல் ஓட்டையாகி அசுத்தம் பரவியிருந்தால் வலையைத் தவிர்த்துத் தையலோடு நிறுத்துவதும் உண்டு. ஆக, “துளை போட்டுத்தான் செய்யணும்” என்று குடும்பத்தார் அடம்பிடிப்பதில் அர்த்தமில்லை. அன்றிரவு டியூட்டியில் இருக்கும் சர்ஜனுக்குக் கைவந்த வழியே நோயாளிக்கு நல்ல வழி.

கட்டி இருந்தாலே அறுவை வேண்டுமா?

தொந்தரவில்லாத கவட்டைக் குடலிறக்கம் உள்ள ஆண்கள் மருத்துவர் கண்காணிப்பில் காத்திருக்கலாம். அமெரிக்காவில் 720 ஆண்களை வைத்து நடந்து 2006இல் வெளியான ஆய்வில், காத்திருந்தவர்களில் திடீரென்று சிக்கியது ஆண்டுக்கு ஆயிரத்தில் சுமார் இரண்டு பேருக்குத்தான். ஆனால் தொடைக் குடலிறக்கத்துக்கு இந்தக் கணக்கு செல்லாது. தெரிந்தவுடனே சரிசெய்துவிட வேண்டும்.

அதற்கு இடையூறு பெரும்பாலும் கூச்சம்தான். 2021 ஏப்ரலில், தேர்தல் பிரச்சாரம் முடிந்த கையோடு அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி சென்னையில் குடலிறக்க அறுவை செய்துகொண்டது எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. வீட்டுப் பெரியவர்கள்தான் மகளிடம்கூடச் சொல்லத் தயங்குகிறார்கள்.

உடனே செய்ய வேண்டியது

கட்டி திடீரென்று கெட்டியாகி வலித்தால், வாந்தி வந்து காற்றும் மலமும் போகாமல் நின்றால், 108ஐ அழையுங்கள். கட்டியை அழுத்தி உள்ளே தள்ளாதீர்கள். கெட்டுப்போன குடல் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே போய்விடலாம். விளக்கெண்ணெய் வேண்டாம். தண்ணீர்கூட வேண்டாம், மயக்கம் கொடுக்க வெறும் வயிறு தேவை. மயிலாப்பூர், தி.நகர், அடையாறுக்காரர்களுக்கு ராயப்பேட்டை அரசு மருத்துவமனை எட்டும் தூரம். தனியார் மருத்துவமனைக்குப் போவதானால், சர்ஜனும் மயக்க மருத்துவரும் இப்போது இருக்கிறார்களா என்று போகும் வழியிலேயே போனில் கேட்டுவிடுங்கள்.

வீட்டில் வயதானவர் யாராவது விடாமல் வாந்தி எடுத்தால், மாத்திரை வாங்கக் கிளம்புமுன் ஒரு கேள்வி: “தொடைச்சந்துல கட்டி ஏதாவது இருக்காம்மா?” அந்தப் பாட்டியிடம் காலையிலேயே யாராவது இதைக் கேட்டிருந்தால், குடல் தப்பிக்கும் வாய்ப்பு கூடியிருக்கும்.