பழைய லாரிக் கண்ணாடியைக் கழுவும் பம்பைக் குறைந்த செலவில் பழுது பார்த்தல்

நெல், வைக்கோல், எரு முதலியவற்றை ஏற்றி இறக்குவதற்காகச் சொந்தத்தில் ஒரு பழைய லாரி வைத்திருக்கும் மிராசுதார்கள் அநேகர் உளர். அவர்கள் எஞ்சினையும் டயரையும் கவனிக்குமளவு முன்கண்ணாடியைக் கவனிப்பதில்லை. கண்ணாடியின்மேல் நீர் பீய்ச்சும் சிறு பம்பு கெட்டுவிட்டால் வருஷக்கணக்கில் அப்படியே விட்டு விடுகின்றனர். இது சிக்கனமன்று, அபாயமாகும்.

பொன்னேரி, மீஞ்சூர்ப் பக்கத்திலிருந்து சரக்கேற்றித் திருவொற்றியூர் வழியாகத் தண்டையார்பேட்டைக்கு வரும் வண்டிகளைப் பார்த்தால் இவ்வுண்மை விளங்கும். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது ஹைகோர்ட்டு உத்தரவின்படி 2011-ம் வருஷத்தில் நின்று, எண்ணூருக்குப் போயிற்று. ஆயினும் கடற்காற்றின் உப்பும், கண்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதியும், டீசல் புகையும் கண்ணாடியிற் படிந்தே வருகின்றன. அப்படிவின்மேல் நீரின்றி வைப்பரை ஓட்டினால் அழுக்கு நீங்காது, மெழுகியதுபோற் பரவும். காலை வெயிலோ எதிர்வண்டியின் விளக்கொளியோ பட்டவுடன் கண்ணாடி முழுவதும் வெளுத்து, சாலையைக் கடக்கும் மனிதன் கண்ணுக்குத் தெரியாமற் போகிறான். மணற்றுகள் தேய்த்த கீறல்களோ பிறகு என்றும் மாறா. 1989-ம் வருஷத்திய மத்திய மோட்டார் வாகன விதிகள் நன்கு வேலை செய்யும் வைப்பர் வேண்டுமென்கின்றன. நீரில்லாத வைப்பர் பாதி வேலையே செய்யும்.

பம்பின் அமைப்பு

கிணற்றில் நீரிறைக்கும் சென்ட்ரிபூகல் பம்பின் சிறு வடிவமே இது. நீர்த்தொட்டியின் அடியில் ஒரு ரப்பர் வளையத்திற் செருகியிருக்கும். சிறு மின்மோட்டார் உள்ளிருக்கும் இறக்கைச் சக்கரத்தைச் சுழற்ற, நீர் ரப்பர்க் குழாய் வழியே சென்று, கண்ணாடியருகிலுள்ள நுண்துளையால் பீய்ச்சப்படும். கிணற்றுப் பம்பின் புட்வால்வு அடைத்துக் கொள்வதைப்போலவே இதன் வடிகட்டியும் அடைத்துக்கொள்ளும்.

கோளாறு அறியும் விதம்

முதலில் தொட்டியில் நீர் உளதா என்று பார்க்கவும். பின்பு எஞ்சினை நிறுத்தி, சாவியை மட்டும் திருப்பி, சுவிட்சை அழுத்திக் காது கொடுத்துக் கேட்கவும்.

1. மோட்டார் ஓசை கேட்டும் நீர் வாராவிடில், பம்பின் வாயிலுள்ள குழாயைக் கழற்றி மறுபடி அழுத்தவும். அங்கே நீர் பாய்ந்தால் பம்பு நன்றாயுளது. குழாய் வெடித்திருக்கும் அல்லது துளை அடைத்திருக்கும். துளையை மெல்லிய குண்டூசியாற் குத்தி, எதிர்ப்பக்கமிருந்து ஊதவும். உப்புக் கட்டியிருந்தால் கழற்றிக் காடியில் ஊறவைக்கவும். பம்பின் வாயிலும் நீரில்லையேல், தொட்டியை இறக்கிப் பாசியையும் சேற்றையும் கழுவி, வடிகட்டியைச் சுத்தம் செய்க.

2. ஓசையே இல்லையேல் பியூஸைப் பார்க்கவும். எரிந்திருந்தால் அதே அளவுள்ளதையே போடவேண்டும். தடித்த கம்பியைச் சுற்றுவது வண்டிக்கே நெருப்பு வைப்பதாகும்.

3. பியூஸ் சரியாயிருந்தால் பம்பின் ஒயர்களைக் கழற்றி, அவற்றின் இரு முனைகளுக்கும் நடுவே டெஸ்ட் லாம்பு வைத்து, மற்றொருவரைச் சுவிட்சை அழுத்தச் சொல்க. விளக்கு எரியாவிடில் சுவிட்சிலோ, ஒயரிலோ, எர்த்திலோ குறை உளது. கடலோரங்களில் இணைப்புகளிற் பச்சைக் களிம்பு ஏறுவது சாதாரணம். பேட்டரியின் எர்த் ஒயரைக் கழற்றிவிட்டு, உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்தாற் போதும். செலவு ஒன்றுமில்லை.

4. விளக்கு எரிந்தால் குறை பம்பினுடையதே. அதனைக் கழற்றி வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, இறக்கையை மெல்லச் சுழற்றிப் பார்க்கவும். உப்பு நீராற் சிக்கிய பம்புகள் சில இவ்வாறு உயிர் பெறுவதுண்டு.

புதிய பம்பு வாங்குவோர் கவனிக்கற்பாலன

ஊறவைத்தும் பயன் இல்லையேல், கம்பெனிப் பெயரைத் தேடாமல், பொருந்தக்கூடிய சாதாரணப் பம்பையே சில நூறு ரூபாயில் வாங்கலாம். ஆனால் வோல்டேஜ் ஒத்திருக்கவேண்டும். பெரிய லாரிகள் பெரும்பாலும் 24 வோல்டு. கார்களும் சிறு வண்டிகளும் 12 வோல்டு. 12 வோல்டுப் பம்பை 24 வோல்டில் இணைத்தால் விரைவிற் கருகிவிடும். பழைய பம்பைக் கையிற் கொண்டுபோய், செருகும் முனையின் பருமனை ஒத்துப் பார்த்து வாங்குக. ரப்பர் வளையத்தையும் புதிதாகப் போடுக. ஒயர்களை இடம் மாற்றிச் சேர்த்தால் இறக்கை எதிர்ப்புறம் சுழன்று நீரைத் தக்கபடி தள்ளாது.

பாதுகாக்கும் முறை

உப்புள்ள போர்வெல் நீரை ஊற்றற்க. வடிகட்டிய மழைநீர் உத்தமம். சோப்புத்தூளும் வேண்டாம். தொட்டி வற்றியபின் பம்பை ஓட்டற்க. கண்ணாடி கழுவுவதற்கென விற்கும் திரவத்தைச் சிறிது சேர்ப்பது நலம். வெறும் நீர் தொட்டியில் தேங்கினால், நிமோனியாவை உண்டாக்கும் லெஜியோனெல்லா என்னும் கிருமி வளரக்கூடும் என்று இங்கிலாந்தில் 2010-ல் வெளியான ஆராய்ச்சி எச்சரித்தது.

இப்பரீட்சைகள் அனைத்திற்கும் ஒரு மணி நேரமே பிடிக்கும். அறுவடைக்கு முன் ஒவ்வொரு லாரிச் சொந்தக்காரரும் இதனைச் செய்து முடிப்பாராக. கிராம உத்தியோகஸ்தர்களும் கூட்டங்களில் இதனை எடுத்துரைத்தால், வண்டியில் செல்வோருக்கும் சாலையில் நடப்போருக்கும் பேருபகாரமாகும்.