சாம்பல் பூத்த பிறகே பறியுங்கள்

வெள்ளரிக்காயில் 100-க்கு 95 பங்கு தண்ணீர்; சாம்பல் பூசணியிலும் ஏறத்தாழ அவ்வளவுதான். வெள்ளரி ஒரே வாரத்தில் வதங்கிவிடுகிறது. பூசணியோ பரணில் மாதக்கணக்கில் கிடக்கிறது, ஃபிரிட்ஜ் இல்லாமல். தோலில் பூத்திருக்கும் அந்தச் சாம்பல்தான் காரணம். உண்மையில் அது சாம்பலே அல்ல, மெழுகு. உள்ளிருக்கும் நீரை வெளியே விடாது. பூஞ்சையையும் எளிதில் அண்டவிடாது.

பிஞ்சில் இந்த மெழுகு இருக்காது, உடம்பெல்லாம் சுணைதான். பெனின்காசா ஹிஸ்பிடா என்ற தாவரவியல் பெயரில் 'ஹிஸ்பிடா' அந்தச் சுணையைத்தான் சொல்கிறது. காய் முற்ற முற்றச் சுணை உதிர்ந்து வெள்ளை படரும்.

ஆடிப்பட்டத்தில் குழியெடுத்து, தொழுவுரம் கலந்து நாலைந்து விதை ஊன்றி, நன்றாக வந்த இரண்டை மட்டும் விடுங்கள். முதலில் வருபவை பெரும்பாலும் ஆண்பூக்கள். அவை உதிர்வதைப் பார்த்துப் பதறி உரத்தைக் கொட்டுகிறவர்கள் உண்டு, வேண்டாம். பெண்பூவின் அடியில் சுணை போர்த்திய குட்டிக் காய் தெரியும். தேனீ வராத மாடித் தோட்டமென்றால், காலையிலேயே ஓர் ஆண்பூவைப் பறித்து அதன் மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவில் தடவிவிடலாம். பிஞ்சைக் குத்தி முட்டையிடும் பழ ஈயிடமிருந்து காக்க, துணிப்பையால் மூடுங்கள். காய் பெருக்க வேண்டுமானால் கொடிக்கு இரண்டு மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தரையில் படர்ந்தால் காய்க்கு அடியில் வைக்கோல். பந்தலில் தொங்கினால் உறி.

அவசரப்பட்டுப் பறித்த காய் நிற்காது. உடம்பு முழுக்க வெள்ளை பூத்தபின், இரண்டு அங்குலக் காம்போடு கத்தியால் அறுங்கள். திருகிப் பிடுங்கினால் காம்பு கழன்ற இடத்திலிருந்தே அழுகல் தொடங்கும். கழுவாதீர்கள், துடைக்காதீர்கள், சுத்தமாக வைக்கிறேன் என்று மெழுகைத் தேய்த்தெடுப்பதைவிடப் பெரிய கெடுதல் அந்தக் காய்க்கு இல்லை. நிழலான, காற்றோடும் இடத்தில் வைக்கோல் பரப்பி, ஒன்றோடொன்று உரசாமல் வையுங்கள். வாரம் ஒருமுறை அழுத்திப் பார்த்து, எது மெத்தென்று இருக்கிறதோ அதை முதலில் அடுப்புக்கு அனுப்புங்கள்.

சீனர்கள் இதைக் 'குளிர்காலப் பூசணி' என்கிறார்கள். கோடையில் விளைந்தது குளிர்காலம்வரை தாங்குமே!

வெட்டிவிட்டால் மட்டும் கதை வேறு. ஃபிரிட்ஜில் வைத்தாலும் சில நாள்தான். கடைக்காரர் பத்தை போட்டு விற்கிறார். நமக்கோ பத்து கிலோ காய். அதனால்தான் எங்கள் வீட்டில் பூசணி வெட்டும் நாளில் பக்கத்து நான்கு வீடுகளிலும் மோர்க்குழம்பு.