உறைந்த மண்ணில் ஒரு புதிய அறை

அமெரிக்காவின் வட எல்லையில், கனடாவை ஒட்டி அமைந்துள்ள மாநிலம் மின்னசோட்டா. அதன் பெரிய நகரமான மினியாப்பொலிசில் ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலை சுழிக்குக் கீழ் 9 டிகிரி செல்சியஸ். சில இரவுகளில் அது சுழிக்குக் கீழ் 25 டிகிரிக்கும் இறங்குவதுண்டு. இவ்வூரில் வாழும் ஒரு குடும்பம், வயதான தாயாரை உடன் வைத்துக்கொள்வதற்காக வீட்டின் பின்புறம் 4 மீட்டருக்கு 5 மீட்டர் அளவில் ஓர் அறை சேர்த்துக் கட்ட எண்ணுகிறது என்று வைத்துக்கொள்வோம். கையிலுள்ள பணம் அளவானது. அதை எதில் செலவிடுவது, எதில் குறைப்பது?

இதற்கு இயற்பியல் தரும் விடை சற்று வியப்பானது. பணத்தின் முதற்பங்கு, கட்டி முடித்த பிறகு யார் கண்ணுக்கும் தெரியாத இரண்டு இடங்களுக்குப் போக வேண்டும். ஒன்று மண்ணுக்கு அடியில்; மற்றொன்று சுவருக்கு உள்ளே.

மண் ஏன் மேலெழும்புகிறது?

குளிர்காலத்தில் அங்கே ஏரிகள் மட்டுமல்ல, நிலமும் உறைகிறது. மேற்பரப்பிலிருந்து கீழ்நோக்கி நாள்தோறும் சிறிது சிறிதாக உறைவு இறங்குகிறது. உறையும் மண் மேலே எழும்பும். தன்மேல் உள்ளதையும் தூக்கும்.

நீர் பனிக்கட்டியாகும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 சதவீதம் பெருகுவதை நாம் அறிவோம். மண் மேலெழும்புவதற்கு இதுவே காரணம் என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். ஆனால் கணக்குச் சரிப்பட்டு வரவில்லை. மண்ணின் பருமனில் பத்தில் நான்கு பங்கு நீர் என்றே கொண்டாலும், ஒரு மீட்டர் ஆழம் உறைந்தால் நிலம் நான்கு சென்டிமீட்டருக்கும் குறைவாகவே உயர வேண்டும். சாலைகளிலோ இதைவிடப் பன்மடங்கு உயர்வு காணப்பட்டது.

இப்புதிரை விடுவித்தவர் ஸ்டீபன் டேபர் என்னும் அமெரிக்க நிலவியல் அறிஞர். 1929, 1930 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகளில் அவர் ஓர் அழகான சோதனையை விவரித்தார். நீருக்குப் பதிலாக பென்சீனை மண்ணில் ஊற்றி உறைய வைத்தார். பென்சீன் உறையும்போது சுருங்கும் திரவம். ஆயினும் மண் மேலெழும்பியது! ஆகவே விரிவு மட்டும் காரணமாக இருக்க முடியாது. உண்மையில் நடப்பது இதுதான்: உறையும் எல்லைக்கோடு கீழேயுள்ள ஈரமண்ணிலிருந்து நீரை, விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல், மேலே இழுக்கிறது. அந்நீர் அங்கே அடுக்கடுக்கான பனிக்கட்டித் தகடுகளாக வளர்கிறது. தகடு தடிக்கத் தடிக்க மேலுள்ள மண் தூக்கப்படுகிறது.

இதற்கு மூன்று பொருள்கள் சேர வேண்டும்: குளிர், நீர், நுண்ணிய துகள்களைக் கொண்ட மண். பருமணலில் நீர் மேலேறாது. களிமண்ணில் ஏறும், ஆனால் மெல்ல ஊரும். இரண்டுக்கும் இடைப்பட்ட வண்டல் மண்தான் மிகக் கெட்டது.

சேர்த்துக் கட்டும் அறைக்கு இது தனிச் சிக்கலாகிறது. பழைய வீடு பெரும்பாலும் நிலவறையோடு கட்டப்பட்டிருக்கும். அதன் அடித்தளம் ஆழத்தில் அசையாமல் நிற்கும். புதிய அறையின் அடித்தளம் ஆழமில்லாமல் போனால் அது மட்டும் பிப்ரவரியில் ஏறி ஏப்ரலில் இறங்கும். இணைப்பில் சுவர் வெடிக்கும், கதவு இறுகும், கூரை மூட்டில் நீர் இறங்கும்.

எனவே மாநிலக் கட்டட விதிகள் அடித்தளத்தின் ஆழத்தை வரையறுத்துள்ளன. தென்பகுதியில் அமைந்த மினியாப்பொலிசுக்கு 42 அங்குலம். வடபகுதியிலுள்ள துலூத் நகருக்கு 60 அங்குலம். அதாவது 1.07 மீட்டர், 1.52 மீட்டர். குழி தோண்டியதும் அதிகாரி வந்து பார்த்து ஒப்புதல் தந்த பிறகே கான்கிரீட் ஊற்றலாம்.

வடிவமும் செலவும்

பலர் செலவைப் பரப்பளவால் மட்டும் கணக்கிடுகிறார்கள். சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று பெருக்கிப் பார்த்துவிட்டு நிம்மதி அடைகிறார்கள். அடித்தளச் செலவோ சுற்றளவைப் பின்பற்றுவது. நமது 20 சதுர மீட்டர் அறையின் 5 மீட்டர்ப் பக்கம் பழைய வீட்டோடு ஒட்டினால், புதிதாக எழுப்ப வேண்டிய வெளிச்சுவர் 13 மீட்டர். அதே பரப்பை 2 மீட்டர் அகலமும் 10 மீட்டர் நீளமுமாக அமைத்து, குறுகிய பக்கத்தை ஒட்டினால் 22 மீட்டர்! வீட்டின் உள்மூலையில் இரண்டு பக்கமும் ஒட்டுமாறு பொருத்தினாலோ 9 மீட்டர் போதும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அதே 5 மீட்டர்ப் பக்கம் வீட்டை ஒட்டியிருக்க, அறையை 5 மீட்டருக்கு 6 மீட்டராகப் பெரிதாக்கினால் பரப்பு 50 சதவீதம் கூடுகிறது. வெளிச்சுவர் 13-லிருந்து 17 மீட்டராக, அதாவது 31 சதவீதமே கூடுகிறது. அனுமதிக் கட்டணம், வரைபடம், தோண்டும் பொறியை வரவழைக்கும் செலவு, பழைய சுவரை உடைத்து வாசல் வைக்கும் செலவு ஆகியவை ஏறக்குறைய மாறுவதேயில்லை. ஆகவே மிகச் சிறிய அறை, சதுர மீட்டர்க் கணக்கில் மிக விலையுயர்ந்த அறை என்றாகிவிடுகிறது. இதற்காகக் கடன் வாங்கிப் பெரிதாகக் கட்டச் சொல்லவில்லை. ஒப்பந்தக்காரர் தரும் மதிப்பீட்டை எப்படிப் படிப்பது என்பதற்காகச் சொன்னேன்.

சுவருக்குள்ளே

அங்கே வீடுகள் பெரும்பாலும் மரச்சட்டங்களால் ஆனவை. சட்டங்களுக்கிடையே கண்ணாடி நார்ப் பஞ்சு போன்ற வெப்பக் காப்புப் பொருளை அடைக்கிறார்கள். நன்கு அடைத்த சுவரில் ஒரு சதுர மீட்டர் வழியாக, ஒவ்வொரு டிகிரி வெப்பநிலை வேறுபாட்டுக்கும் சுமார் 0.28 வாட் வெப்பம் வெளியேறும். நல்ல இரட்டைக் கண்ணாடிச் சன்னலில் இது சுமார் 1.7 வாட்.

உள்ளே 20 டிகிரி, வெளியே சுழிக்குக் கீழ் 25 டிகிரி, வேறுபாடு 45. சுவர் உயரம் 2.5 மீட்டரானால் வெளிச்சுவரின் பரப்பு 32.5 சதுர மீட்டர். இதில் 4 சதுர மீட்டர் சன்னல் என்போம். மீதி 28.5 சதுர மீட்டர் சுவர் இழப்பது 28.5 × 45 × 0.28, அதாவது சுமார் 360 வாட். அந்தச் சிறு சன்னல் இழப்பதோ 4 × 45 × 1.7, அதாவது சுமார் 306 வாட். சன்னல் எட்டில் ஒரு பங்கு இடம்தான்; ஆனால் ஏறத்தாழ முழுச் சுவரளவுக்கு வெப்பத்தை வெளியேற்றுகிறது. பனிக்காட்சி பார்க்கப் பெரிய சன்னல் வேண்டும் என்போர் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

இனி ஈரத்தைப் பார்ப்போம். 20 டிகிரியில் ஒரு கன மீட்டர்க் காற்று 17 கிராம் நீராவியைத் தாங்கும். சுழிக்குக் கீழ் 20 டிகிரியில் ஒரு கிராம் அளவே தாங்கும். சமையல், குளியல், மூச்சு இவற்றால் ஈரமேறிய உட்காற்று சுவருக்குள் கசிந்தால், வெளிப்புறப் பலகையைத் தொடுமுன் தன் நீரைக் கொட்டிவிடும். அங்கே அது பனிப்பூச்சாகப் படிந்து, வசந்தத்தில் உருகி, பஞ்சை நனைத்து மரத்தை மக்கச் செய்யும். ஆகவே சுவரின் உட்புறத்தில், அதாவது வெதுவெதுப்பான பக்கத்தில், பாலிதீன் தாள் போன்ற நீராவித் தடுப்பை இடைவெளியின்றி ஒட்டுகிறார்கள். தாளின் விலை அற்பம். அதை மின்கம்பித் துளைகளைச் சுற்றியும், பழைய சுவரோடு சேரும் மூலையிலும் பொறுமையாக ஒட்டுவதற்கு ஆகும் கூலிதான் செலவு. மதிப்பீட்டில் இது தனி இனமாக இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

கூரைமேல் ஒரு யானை

கூரையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். மினியாப்பொலிஸ் பகுதியில் தரையில் விழும் பனியின் பாரத்தைச் சதுர அடிக்கு 50 பவுண்டு என விதிகள் கொள்கின்றன. அதில் பத்தில் ஏழு பங்கைக் கூரைக்கு எடுத்துக்கொண்டால் சதுர மீட்டருக்குச் சுமார் 170 கிலோகிராம். நமது சிறு அறைமேல் 3.4 டன்: வளர்ந்த யானை ஒன்றின் எடை! மேலும், உயரமான பழைய வீட்டை ஒட்டித் தாழ்ந்த கூரை அமைந்தால், காற்று அடித்து வரும் பனி அம்மூலையிலே குவியும். மேற்கூரைப் பனியும் சரிந்து விழும். அந்த இடத்தில் உத்திரங்கள் இன்னும் வலுவாக இருக்க வேண்டும்.

நாட்காட்டி

வெப்ப நாட்டில் பணம் தீர்ந்து வேலை பாதியில் நின்றால் மனவருத்தம் உண்டு; கட்டடத்துக்குப் பெருங்கேடு வருவதில்லை. மின்னசோட்டாவில் நவம்பர் மாதம் வேலை நின்றால் கட்டடமே கெடும். சூடேற்றப்பட்ட வீட்டின் வெப்பம் அடித்தளத்தை ஒட்டிய மண்ணையும் ஓரளவு காக்கிறது. கூரையின்றி, சூடின்றி நிற்கும் புதிய அறையிலோ குளிர் உட்பக்கமாக இறங்கும். உட்புறம் மண்ணெடுத்துப் பள்ளமாக விட்டிருந்தால், உறைவு அப்பள்ளத்தின் அடியிலிருந்தே தொடங்கி அடித்தளத்தின் கீழே புகுந்துவிடும். 42 அங்குலம் தோண்டியது வீணாகும்.

கான்கிரீட்டும் குளிரைத் தாங்காது. சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 35 கிலோகிராம் வலுவை எட்டுமுன் அது உறைந்தால் நிரந்தரமாகப் பலவீனப்படும். குளிர்காலத்தில் ஊற்ற வேண்டுமானால் சுடுநீர், கம்பளிப் போர்வை, சூடேற்றும் கருவி எனச் செலவு ஏறும். ஆகவே குளிர்காலத்திலேயே வரைபடமும் அனுமதியும் முடித்து, மண் உருகி வடிந்த மே மாதத்தில் தோண்டி, அக்டோபருக்குள் கூரையும் சன்னலும் மூடிவிடுவது வழக்கம். உள்வேலைகளைப் பனி பெய்யும்போது செய்யலாம்.

செலவுத் திட்டத்தையும் இவ்வாறே இரண்டாகப் பிரிப்பது நல்லது. அடித்தளம் முதல் கூரை, சன்னல், சூடேற்றம் வரையுள்ள முதற்பகுதிக்கான பணம் முழுவதும் தோண்டுமுன்னரே கையில் இருக்க வேண்டும். அத்துடன் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை எதிர்பாராத செலவுக்கு ஒதுக்க வேண்டும். பழைய சுவரை உடைத்தால் மக்கிய மரமோ பழைய மின்கம்பியோ தென்படலாம். 1978-க்கு முன் கட்டிய வீடானால் பூச்சில் ஈயமும் இருக்கலாம். வீட்டுப் பூச்சுகளில் ஈயத்தை அமெரிக்கா அவ்வாண்டில்தான் தடை செய்தது. மரத்தரை, அலமாரி, அலங்காரச் சட்டம் போன்றவை இரண்டாம் பகுதி. பணம் இல்லையென்றால் இவை அடுத்த ஆண்டுக்குக் காத்திருக்கும்.

கடைசியாக ஒரு செய்தி. சுவர், சன்னல், கூரை, காற்றுக்கசிவு எல்லாம் சேர்த்து நமது அறை மிகக் குளிர்ந்த இரவில் இழப்பது ஏறத்தாழ 1,000 வாட். ஓர் இஸ்திரிப்பெட்டி எடுத்துக்கொள்ளும் அளவு. தரை வழியே இன்னும் கொஞ்சம் போகும். பழைய வீட்டின் உலைக்கு இது பெரிய சுமையன்று. ஆனால் சூடான காற்று அந்த அறையின் கோடி வரை வந்து சேரவும் வேண்டும். குழாய் எந்த வழியாக வரும் என்பதை வரைபடத்திலேயே குறித்துவிட வேண்டும். தரை போட்ட பிறகு வழி தேடினால் தாயாரின் கட்டிலருகே தனி மின்சூடேற்றி வைக்க நேரும்.