ஓமக்குளத்துச் சாமி

மே 1 நமக்கு உழைப்பாளர் தினம். சிதம்பரம் ஓமக்குளம் பக்கத்து மக்களுக்கு அது ஒரு நினைவு நாளும்கூட. 1959-ல் அதே நாளில்தான் சுவாமி சகஜானந்தர் காலமானார். வெளி மாவட்ட மாணவர்களிடம் இந்தப் பெயரைச் சொன்னால் யாரோ ஒரு சாமியார் என்று நினைத்துக்கொள்வார்கள். காவி கட்டியவர்தான். ஆனால் அவர் செய்தது சேரி சேரியாகப் போய்ப் பள்ளிக்குப் பிள்ளை சேர்க்கிற வேலை.

ஆரணி அருகே மேல்புதுப்பாக்கத்தில் 1890 ஜனவரி 27 அன்று பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் முனுசாமி. திண்டிவனம் மிஷன் பள்ளியில் படித்தார். மதம் மாற மனம் ஒப்பாததால் அங்கே படிப்பு நின்றது. பிறகு கோலார் தங்கவயல். அதன் பிறகு சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சுவாமிகளிடம் சீடரானார். சகஜானந்தர் என்ற பெயர் அங்கே கிடைத்ததுதான். 1910-ல் சிதம்பரம் வந்தபோது வயது 20.

நந்தனார் கதை ஊருக்கே தெரியும். நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று சொல்லிக்கொண்டே இருந்த ஆதனூர்க்காரர், தீயில் இறங்கி எழுந்த பிறகே தில்லைக் கோயிலுக்குள் போனார் என்கிறது பெரியபுராணம். அந்தத் தீ மூட்டப்பட்ட இடம் ஓமக்குளம் என்பது மக்கள் நம்பிக்கை. 1916-ல் சகஜானந்தர் பள்ளிக்கூடம் தொடங்கியது அந்த ஓமக்குளத்தில்தான். வைத்த பெயர் நந்தனார் பள்ளி. முதலில் சேர்ந்த பிள்ளைகள் 25 பேர். நம்மில் ஒருவரை நெருப்பில் இறக்கியதாகச் சொல்லும் இடத்தில் நம் பிள்ளைகளைச் சிலேட்டும் கையுமாக உட்கார வைத்தார். அந்தப் புராணத்துக்கு இதைவிடக் கூர்மையான பதில் எனக்குத் தெரிந்து இல்லை.

பள்ளி திறப்பதைவிடப் பிள்ளைகளை அதில் உட்கார வைப்பதுதான் பெரும்பாடு. பண்ணையாள் வீட்டில் எட்டு வயதுப் பையன் மாடு மேய்த்தால் அவன் வயிற்றுக்குக் கஞ்சி கிடைக்கும். அவனைப் படிக்க அனுப்பினால் அந்தக் கஞ்சியை யார் ஊற்றுவது? ஆண்டை கேட்டால் என்ன பதில் சொல்வது? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் இல்லாமல் படிப்பின் பெருமையை மட்டும் பேசி என்ன பயன்? அதனால்தான் ஓமக்குளத்தில் பள்ளியோடு விடுதியும் நடந்தது. சோறு, படுக்க இடம், ராத்திரி படிக்க விளக்கு.

என் பெரியப்பா 1950-களில் அங்கே தங்கிப் படித்தவர். எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். பாடத்தைப் பற்றி அவர் அதிகம் சொன்னதில்லை. வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டதைத்தான் சொல்வார். "எங்க ஊர்ல கொல்லைப் பக்கமா நின்னு கையை ஏந்தித்தான் வாங்குவோம்டா. அங்கதான் முதல்ல இலை போட்டு, உட்காருன்னு சொன்னாங்க." எண்பதைத் தாண்டிய மனிதர், இதைச் சொல்லும்போது மட்டும் குரல் கம்மும்.

காந்தி 1934-ல் இந்தப் பள்ளிக்கு வந்திருக்கிறார். சகஜானந்தர் சென்னை சட்டசபையிலும் பல ஆண்டுகள் உறுப்பினராக இருந்தார். காங்கிரஸோடு போனார், ஆன்மிகம் பேசினார், போர்க்குணம் போதாது என்று இன்றைய இளைஞர்கள் சிலர் குறை சொல்வதுண்டு. அதில் பேச வேண்டிய விஷயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுச் சட்டம் வந்தது 1947-ல். அதற்கு 31 ஆண்டுகளுக்கு முன்பே ஓமக்குளத்தில் மணி அடித்துவிட்டது. கோயில் கதவு திறக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. பதவி வந்த பிறகும் சிதம்பரத்தை விட்டுப் போகவில்லை. அவருடைய நினைவிடமும் அங்கேதான்.

இப்போது அவை அரசுப் பள்ளிகள். ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. இரண்டுக்கும் நந்தனார் பெயர்தான். காட்டுமன்னார்கோவில், புவனகிரிப் பக்கத்துப் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், சிதம்பரம் போகும்போது கோயில் கோபுரத்தோடு திரும்பிவிடாமல் ஓமக்குளத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள்.

போன வருஷம் பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். பள்ளி விடும் நேரம். பெண் பிள்ளைகள் கும்பலாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவர் கம்பை ஊன்றி ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். "எங்க காலத்துல இவ்வளவு பொட்டப் புள்ளைங்க இல்லடா" என்றார். வெயிலாக இருக்கிறதே, போகலாமா என்று கேட்டேன். இன்னும் கொஞ்ச நேரம் நிற்கலாம் என்றார்.