லயத்துப் பிள்ளையும் இசைப் பயிற்சியும்

“ஆசைப்பட்டுத்தான் சங்கீதம் படிக்கச் சேர்ந்தாள், இப்பொழுது சுருதிப்பெட்டியைக் கண்டாலே ஓடி ஒளிகின்றாள்” என்று குறைப்படும் தாய்மார் பலர். முன்னிருந்த ஆசை எங்கே போயிற்று? பெரும்பாலும் வீட்டாரின் அவசரமே அதனை விரட்டிவிடுகின்றது.

அக்கரப்பத்தனை முதலிய மலைநாட்டுத் தோட்டங்களில் வாழும் பெற்றோர் இதற்கு மருந்து தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. மாசி மாதத்துக் காமன் கூத்திலே சிறுவர்களைக் கவனித்தாற் போதும். தப்பை நெருப்பிற் காய்ச்சும்பொழுதே அவர்கள் சூழ்ந்துகொள்கின்றனர். முதலிற் கேட்கின்றனர், பின்பு தகரத்திலும் பலகையிலும் தட்டிப் பார்க்கின்றனர், பிறகு ஒரு நாள் பெரியவர் ஒருவர் தப்பையே கையிற் கொடுக்கின்றார். ரதியும் மதனும் ஆடி வருகையில் அடி தவறக்கூடாது என்னும் எண்ணமே அவர்களுக்கு ஆசிரியர்.

முற்காலத்தில், விடியுமுன் தொழிலாளரைப் பிரட்டுக்களத்துக்கு அழைத்ததும் தப்பொலியே. அதற்கு அஞ்சி எழுந்தனர். கூத்துக்கோ விரும்பி வந்தனர். வீட்டிற் பயிற்சிக்குப் பிள்ளையை அழைக்கும் நமது குரல் இவ்விரண்டில் எதனைப் போன்றது என்பதை எண்ணிப் பார்த்தல் நன்று.

ஜப்பானிய வயலின் ஆசிரியர் ஷினிச்சி சுசூகி (1898–1998) இவ்வுண்மையை நன்கு உணர்ந்தவர். தாய்மொழியைக் கேட்டுக் கேட்டுப் பேசப் பழகுவது போலவே குழந்தை இசையையும் கற்கும் என்பது அவர் கொள்கை. அவர் முறையில் தாயே முதலிற் சிறிது வயலின் பழகுவாள். அதனைக் கண்ட குழந்தை, தனக்கும் வேண்டுமென்று தானே கேட்கும்.

நமது சரளி வரிசையும் படிப்படியாக ஏறுவதே. மாயாமாளவகௌளையில் முதற்காலம் நிலைபெறுமுன் மூன்றாங் காலத்துக்கு விரட்டினால், சுரமும் கெடும். பிள்ளையின் மனமும் சோரும்.

நாள் முழுதும் கொழுந்து பறித்துத் திரும்பும் தாய்க்கு ஓய்வேது என்று கேட்கலாம். பத்து அல்லது பதினைந்து நிமிடங்கள் போதும். ஆனால் நாள்தோறும் அதே வேளையாக இருத்தல் நலம். குளிரில் விறைத்த விரல்களை அடுப்பருகே சூடாக்கிய பின்பு வாத்தியத்தைத் தொடட்டும். லயக் காம்பராவின் சுவருக்கு அப்பால் அயலார் உறங்குமுன் பயிற்சியை முடிப்பது மரியாதை.

இசை அறியாத தாயும் நல்ல துணையாகலாம். “இன்று படித்ததை எனக்கும் சொல்லிக்கொடு, கண்ணு” என்று கேட்டுப் பாருங்கள், பிள்ளை ஆசிரியராகிவிடும். “நன்று” என்று பொதுவாகச் சொல்வதைவிட, “நேற்றுத் தடுமாறிய இடம் இன்று சரியாக வந்தது” என்பது அதிகம் உதவும். பயிற்சியைத் தண்டனையாக விதித்தலும், அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுதலும் ஆகா. முடிவில் பிள்ளை விரும்பும் பாட்டொன்றைப் பாட விடுங்கள். மார்கழிப் பஜனையிலும் வாணி விழாவிலும் பாடுவதற்கு ஓர் இடம் கிடைத்தால், பயிற்சிக்குத் தானாகவே பொருள் உண்டாகும்.

கர்நாடக சங்கீதம் க.பொ.த. சாதாரணதரப் பரீட்சைக்கும் ஒரு பாடமாதலின், சில பெற்றோர் புள்ளிகளையே பெரிதாக எண்ணுகின்றனர். வேறு சிலர் வயலினைப் போற்றி, தப்பைத் தாழ்வெனத் தடுக்கின்றனர். தாளத்தை முதலில் எந்தத் தோலிற் கற்றாலும் தாளம் தாளமே. சாதியின் பெயரால் ஒரு வாத்தியத்தை வெறுக்கக் கற்பிப்பது, பிள்ளையின் செவியை நாமே அடைப்பதாகும்.

குரல் உடையும் பருவத்தில் ஆண்பிள்ளைகளை உச்சத்திற் பாடுமாறு வற்புறுத்தலாகாது. பிள்ளை சலிப்புற்றால் சில நாள் ஓய்வு கொடுங்கள். ஆனால் வீட்டில் நல்லிசை ஒலிப்பது நிற்க வேண்டாம். கேட்கும் செவி இருக்கும்வரை, பாடும் ஆசை மீண்டும் வரக்கூடும்.